மாமியார் பூட்ஸ்

அந்தப் பழச்சாறு ஆலையில் சங்கு ஊதுவதற்கு ஒரு இயந்திரமும் ஒரு மனுஷியும் உண்டு. இயந்திரம் காலை ஏழு மணி மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதும், மாலை மூன்றரைக்கு ஒரு தடவை ஊதும். மனுஷிக்கு அந்த மாதிரி நேரக்கணக்கெல்லாம் கிடையாது. பாட்டில் கழுவும் பகுதியில் இருபது வருஷமாக நின்றுகொண்டிருக்கும் அவளை ஆலை முழுக்க 'சைரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுவும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே வந்த குரல் அது. வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. ஒருநாள் சமையலறையிலிருந்து மகளிடம் உப்பு கேட்டாள். மகள் எழுந்திருக்கும் முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் கையில் உப்பு டப்பாவோடு வாசலில் வந்து நின்றார்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. கழுவி வரும் பாட்டில்கள் ஒரு வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாகப் போகும். அவள் நின்றுகொண்டே பார்ப்பாள். விரிசல், அழுக்கு, வாய் உடைந்தது, எதுவும் அவள் கண்ணைத் தாண்டாது. சந்தேகமான பாட்டிலைப் பிடித்து எடுக்கும் கை வேறு, பேசும் வாய் வேறு. ஒன்றுக்காக இன்னொன்று நின்றதே இல்லை.

நிற்கிற இடம்தான் பொல்லாதது. பாட்டில்கள் வழுக்கிப் போவதற்காக பெல்ட்டில் சோப்புத் தண்ணீர் விடுவார்கள். அது சொட்டுச் சொட்டாகத் தரைக்கு வரும். உடைந்த கண்ணாடி அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். போதாக்குறைக்கு இருபத்துநாலு பாட்டில் அடுக்கிய பெட்டி எப்போதாவது ஒன்று நழுவி விழும். அதனால் முன்பக்கம் இரும்புக் கவசமும், அடியில் கண்ணாடி ஏறாத தகடும், வழுக்காத அடிப்பாகமும் உள்ள பூட்ஸ் இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நூற்று நாற்பது பேருக்கும் கம்பெனியே புது ஜோடி கொடுக்கும்.

போன தடவை அந்த பூட்ஸைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டோர்காரர். பேச்சு குறைவு, ஒழுங்கு அதிகம். ஆணி ஒன்று எடுத்தாலும் நோட்டில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். அந்த ஸ்டோர்காரர்தான் சைரனின் புருஷன். அவர்கள் கல்யாணமே ஒரு ஜோடி ரப்பர் கையுறையில் ஆரம்பித்தது. கிழிந்த கையுறையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு தருவேன் என்று அவர் சொல்ல, கிழிந்ததைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று இவள் சொல்ல, சண்டை மூன்று மாதம் நடந்து கல்யாணத்தில் போய் முடிந்தது. பதினாறு வருஷம் ஆகிறது. பதினாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வாய் அம்மா மாதிரி, ஒழுங்கு அப்பா மாதிரி.

அந்த பூட்ஸ் வந்த புதிதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தது. குதிகாலில் கொப்புளம், கட்டைவிரல் நகத்தில் கறுப்பு, சாயங்காலம் பஸ் ஏறும்போது ஆளாளுக்கு ஒரு நொண்டல். அந்தச் சமயத்தில்தான் சைரன் சாப்பாட்டு அறையில் வாயைத் திறந்தாள்.

"முதல் ரெண்டு வாரம் தேனா பேசுச்சு. மூணாவது வாரத்துல இருந்து கடிக்குது. இது பூட்ஸ் இல்ல, மாமியார்."

சாப்பாட்டு அறையே அதிர்ந்தது. மூடி போடும் இயந்திரத்தில் வேலை செய்யும் மூடியக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, இரண்டு பேர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. சைரனின் சொந்த மாமியார் வாயில்லாப் பூச்சி. மருமகளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்? பூட்ஸுக்கு 'மாமியார்' என்று பெயர் நின்றுவிட்டது. நின்றதோடு போகவில்லை. மாமியாரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் யார்? அதனால் ஸ்டோர்காரருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயராகிவிட்டது. திருகாணி வாங்க வருகிறவன்கூட, "மாப்பிள்ளை, சௌக்கியமா? மாமியார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

அவர் முதலில் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். பிறகு அதையும் விட்டார். அப்புறம் சாப்பாட்டு டப்பாவை ஸ்டோருக்குள்ளேயே திறந்து, கயிறு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். சைரன் இதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கொஞ்சநாளில் மறந்துபோகும் என்று இருந்தாள். அடுத்தவர் முகம் வாடினால் முதலில் கண்டுபிடிக்கிறவள், சொந்தப் புருஷன் விஷயத்தில் இரண்டு வருஷம் கோட்டை விட்டாள்.

இப்போது இரண்டு வருஷம் முடிந்து மறுபடி பூட்ஸ் வாங்கும் நேரம் வந்தது. மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் எதையும் எழுதிக் காட்டினால்தான் நம்புவார். இந்தத் தடவை யார் அதிகமாகக் குறை சொல்கிறார்களோ அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அவர் முடிவு செய்தார். அப்படிச் சொன்னதும் நூற்று முப்பத்தொன்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். மூன்று கம்பெனிகளின் மாதிரி பூட்ஸ் வரும், ஒவ்வொன்றையும் மூன்று வாரம் போட்டுப் பார்த்துவிட்டு அவள் சொல்ல வேண்டும், அவள் சொன்னதுதான் எல்லோர் காலிலும் ஏறும் என்று ஏற்பாடு.

அன்று சாயங்காலம் தலைகால் தெரியாத குஷியோடு வீட்டுக்கு வந்தாள். புருஷனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. இடமாற்றம் கேட்டு மேனேஜருக்கு எழுதிய கடிதம். கம்பெனியின் இன்னொரு கிடங்கு, ரயிலில் அரை நாள் தூரத்தில் இருந்தது. அங்கே போட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்கு வர முடியும்.

அவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் எதிரில் நின்றாள். அவர் மறைக்கவில்லை. புது பூட்ஸுக்கு ஆர்டர் போகிற அன்றைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அதுவரை ஸ்டோர் கணக்கை முடித்து ஒப்படைக்க வேண்டுமாம்.

"எதுக்குங்க?" என்றாள்.

"அங்க யாருக்கும் என்னை மாப்பிள்ளைன்னு தெரியாது," என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை அடித்தது.

நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் உள்ளே வந்தாள். "அப்பா ஞாயித்துக்கிழமை மட்டும் வருவாராம்மா? விருந்தாளி மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். சைரனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. போகாதீங்க என்று சொல்ல வாய் வந்தது. எந்த முகத்தோடு சொல்வது? பெயர் வைத்தவளே அவள்தானே.

மாதிரி பூட்ஸ்கள் வந்தன. முதல் ஜோடி பஞ்சு மாதிரி இருந்தது. பத்து நாள் அதைப் புகழ்ந்து தள்ளினாள். பதினோராம் நாள் குதிகாலில் கடித்தது. இரண்டாவது ஜோடி கொஞ்சம் கனம், ஆனால் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அதுவும் இரண்டாவது வாரம் முடியும்போது கடித்தது, அதே இடத்தில். மூன்றாவது ஜோடி பார்க்க அழகு, எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததும் அதுதான் என்று சொன்னார்கள். மூன்றாவது வாரத் தொடக்கத்தில் அதே குதிகாலில் உராய்ந்தது, கட்டைவிரலும் போய் இரும்புக் கவசத்தில் இடிக்க ஆரம்பித்தது. மூன்று கம்பெனிக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டா ஒரே இடத்தில் கடிக்கச் சொல்லியிருப்பார்கள்? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூடியக்கா அவள் காலைப் பார்த்துவிட்டு, உன் கால்தான் கோணல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் துணி காயப்போட பால்கனிக்கு வந்தாள். அங்கே வழக்கம்போல அவருடைய பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் பூட்ஸை ஆலையிலேயே விட்டுவிட்டு வர, இவர் ஒருத்தர் மட்டும் சனிக்கிழமை தோறும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, நிழலில் வைப்பார். அவள் இதைக் கேலி செய்யாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அன்று கேலி வரவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

அதே மாமியார்தான். இரண்டு வருஷம் இரண்டு மாதம் ஆன மாமியார். அடிப்பாகம் கொஞ்சம் தேய்ந்திருந்தது, மற்றபடி ஒரு தையல் விட்டிருக்கவில்லை. அவள் கையால் எடுத்துத் திருப்பினாள். குதிகாலைப் பிடித்து நிறுத்தும் பின்சுவர் விறைப்பாக, நிமிர்ந்து நின்றது. அவளுடைய ஜோடியில் அந்த இடம் நைந்து, மடங்கி, பிசைந்த மாவு போல ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. எல்லோருடையதும் அப்படித்தான்.

ஸ்டோரில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்தானே என்று நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அதுவும் நிற்கவில்லை. மூட்டை தூக்குகிறார், லாரியில் ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்குப் பத்து தடவை கழுவும் பகுதிக்கு வந்து இவளுடைய திட்டை வாங்கிக்கொண்டு போகிறார். அந்தக் காலில் ஒரு கொப்புளத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டோரைத் திறப்பதற்காக அவர் ஆறரைக்கே போகிறவர். என்ன திடீரென்று என்று கேட்டதற்கு, பஸ்ஸில் வியர்வை நாற்றம் தாங்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொன்னாள். ஆலையில் அவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பூட்ஸின் லேஸை அடிவரைக்கும் தளர்த்தினார். காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, பின்பக்கமாக உட்காரவைத்தார். பிறகு கீழேயிருந்து ஒவ்வொரு ஓட்டையாக இழுத்து இறுக்கிக் கொண்டுவந்து மேலே முடிச்சுப் போட்டார். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தாள். இரண்டு காலுக்கும் சேர்த்து நாலு நிமிடம்.

அவள் பூட்ஸ் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டாள். ஆறு ஐம்பத்தைந்துக்கு பஸ் வந்தது. நூற்றுச் சொச்சம் பேரும் வருகைப்பதிவு இயந்திரத்தில் கட்டைவிரலை வைக்க முட்டி மோதினார்கள். ஏழு மணிக்கு மேல் விரல் வைத்தால் தாமதம் என்று விழுந்துவிடும். பூட்ஸ் அலமாரி அந்த இயந்திரத்தைத் தாண்டி உள்ளே இருந்தது. ஏழு மூன்றுக்குச் சங்கு. சங்கு ஊதும்போது அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். விரல் வைத்த கையோடு எல்லோரும் ஓடி வந்தார்கள், பூட்ஸை இழுத்துக் கீழே போட்டார்கள், என்றைக்கோ போட்ட முடிச்சை அவிழ்க்காமலே காலை நுழைத்து, பின்சுவரைச் செருப்பு மாதிரி மிதித்து நசுக்கி, இரண்டு குதி குதித்து உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர் நடந்துகொண்டே போட்டார். மூடியக்கா ஒரு கையால் தலைமுடியை வலைக்குள் செருகிக்கொண்டே போட்டாள்.

இருபது வருஷமாகச் சைரனும் அப்படித்தான் போடுகிறாள். மாதிரி வந்த மூன்று ஜோடிகளையும் முதல் நாள் ஒரு முடிச்சுப் போட்டு, அதற்கப்புறம் மிதித்து மிதித்துத்தான் போட்டாள். மிதித்தால் பின்சுவர் நசுங்கும். நசுங்கினால் குதிகாலுக்குப் பிடிமானம் போய்விடும். பிடிமானம் போனால் கால் உள்ளே முன்னும் பின்னும் ஆடும். பின்னால் உராய்ந்து கொப்புளம், முன்னால் இடித்துக் கறுப்பு நகம். எந்தக் கம்பெனி செய்தால் என்ன, தங்கத்தில் செய்தாலும் மூன்று வாரத்தில் கடிக்கத்தான் செய்யும். அவர் வாங்கிய பூட்ஸில் குறையே இல்லை.

அன்று அவள் வெளிச்சப் பலகைக்கு முன்னால் பேசாமல் நின்றாள். அடுத்த நாளும் அப்படியே. சைரன் ரிப்பேரா என்று இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். மூன்று மாதிரிகளில் ஒன்றைக் கை காட்டிவிட்டால் ஒரு வம்பும் இல்லை, யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்வது என்றால், நூற்று நாற்பது பேருக்கு முன்னால் நின்று, நான் உளறினேன் என்று சொல்ல வேண்டும். அவள் வாழ்க்கையில் எத்தனையோ பேரை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறாள். தானே சொல்லிப் பழக்கமில்லை.

புதன்கிழமை சாயங்காலம் புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவே இல்லை. பூட்ஸ் வந்த மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். லேஸை அவிழ்த்துப் போடுங்கள் என்று எழுதி அலமாரியில் ஒட்டினாராம். யாரோ அதைக் கிழித்து ஈரத்தைத் துடைத்துவிட்டார்கள்.

"அப்ப வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"ஆளுங்க எப்படிப் போடுறாங்கன்னு பார்த்துதானே வாங்கணும். அதைப் பார்க்காம வாங்கினது என் தப்புதான்."

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். ஓடுகிற மூன்று நிமிடத்தில் உலகத்தில் யாராலும் லேஸ் கட்ட முடியாது, அதை நிர்ணயித்தது நீங்களா என்று கேட்டாள். அவர் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அவள் அதைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். மேனேஜர் பேனாவும் தாளுமாக வந்தார். ஸ்டோர்காரர் கதவுக்குப் பக்கத்தில், போகத் தோதாக நின்றார். மேசையில் மூன்று மாதிரி ஜோடிகளும் இருந்தன. சைரன் எழுந்து, நாலாவதாக ஒரு ஜோடியைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சிரிப்பு கிளம்பியது.

"சிரிங்க. நல்லா சிரிச்சுட்டு இந்தக் குதிகாலைத் தொட்டுப் பாருங்க," என்றாள். "ரெண்டு வருஷமா நம்ம எல்லாரும் போடுற அதே பூட்ஸ். அவர் வாங்கிக் கொடுத்தது நல்ல பொருள். மிதிச்சு நாசம் பண்ணினது நாம. கண்ட பேரு வச்சது நான். என் வாய்தான் தப்பு, அவர் பூட்ஸ் இல்ல."

ஃபோர்க்லிஃப்ட்காரர் எழுந்து வந்து பின்சுவரை அழுத்திப் பார்த்தார். பிறகு தன் காலைத் தூக்கித் தன்னுடையதை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மூடியக்கா தன்னுடையதைத் தொட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆலை முழுக்கக் குனிந்து குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தது. சைரன் கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே அவர் இல்லை. எப்போது போனார் என்று தெரியவில்லை.

இருந்தாலும் எடுத்த காரியத்தை விடவில்லை. இதே பூட்ஸை மறுபடி வாங்கலாம், ஆனால் விரல் வைத்தபின் சங்கு ஊதப் பத்து நிமிடம் வேண்டும், உட்கார்ந்து லேஸ் கட்டப் பலகை வேண்டும் என்று கேட்டாள். போன தடவை ஆறாம் நம்பருக்குக் கீழே அளவே வராததால் பெண்கள் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு திண்டாடுகிறோம், நாலும் ஐந்தும் வேண்டும் என்றாள். புருஷன் வாங்கியதாக இருந்தாலும் அது குறைதான், அதையும் சொன்னாள். மேனேஜர் எல்லாவற்றையும் எழுதினார், 'பத்து நிமிடம்' என்பதை மட்டும் எழுதாமல் பேனாவை நிறுத்திவிட்டார். உங்களைக் கேட்டது பூட்ஸ், நீங்கள் கடிகாரத்தில் கை வைக்கிறீர்களே என்றார். மூன்று நிமிடம் தாராளம் என்பது அவர் அபிப்பிராயம்.

"அப்ப திங்கட்கிழமை ஒரே ஒரு நாள் எங்க கூட பஸ்ல வாங்க சார்," என்றாள் அவள்.

வந்தார், பாவம். மூச்சுமுட்டும் கூட்டத்தில் நசுங்கி விரல் வைத்தபோது ஆறு ஐம்பத்தொன்பது. அவர் அறையில் ஒருநாளும் போடாமல் வைத்திருந்த ஜோடி அன்றைக்கு அலமாரியில் இருந்தது. முறைப்படி லேஸைத் தளர்த்தி, குதிகாலைத் தட்டி, கீழேயிருந்து இறுக்கிக்கொண்டு வந்தார். வலது கால் முடிந்து இடது காலில் மூன்றாவது ஓட்டைக்கு வரும்போது சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் அவரவர் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு லேஸ் பின்னால் இழுபட, மேனேஜர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். யாரும் சிரிக்கக் கூடாது என்று சைரன் முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தாள். கடைசியில் முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் கேட்க வேண்டுமா? கழுவும் இயந்திரத்தின் சத்தம் அன்று யார் காதிலும் விழவில்லை. மேனேஜர் பேனாவை எடுத்துப் பத்து என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

ஆர்டர் போகிற நாள் வியாழன் என்று முடிவாயிற்று. ஆர்டரை அனுப்பும் முன்னால் அன்றைக்கே எல்லோருடைய காலையும் அளக்க வேண்டும். போன தடவை ஆளாளுக்கு வாய்க்கு வந்த அளவைச் சொல்லியிருந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் கௌரவத்துக்காக ஒன்று கூட்டியே சொன்னார்கள். இந்தத் தடவை ஸ்டோர்காரரே அளப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதுவும் மதியத்துக்கு மேல்தான், நின்று நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு கிடைக்கும் என்று. ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொருவரையும் வேலைக்குப் போடும் காலுறையோடு தாளின்மேல் நிற்கவைத்து, இரண்டு காலையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் வேண்டும், ஏன் வேண்டும் என்று விளக்கினார். கேட்காதவர்களுக்கும் விளக்கினார். பேச்சு குறைந்த மனுஷன் அன்று பேசிய பேச்சில் வரிசை நகரவே இல்லை. ஒருத்தர்கூட மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர் மட்டும் பழக்க தோஷத்தில் "மா" என்று ஆரம்பித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

சைரன் வரிசையில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். நியாயமாக அவள் சந்தோஷத்தில் மிதந்திருக்க வேண்டும். ஆனால் கண் அவருடைய சட்டைப் பையையே சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் ஆர்டர் போகிறது. கடிதம் கொடுக்கிற நாளும் இன்றைக்குத்தான். இத்தனை நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்கெல்லாம் வாய், இந்த ஒரு விஷயத்தில் பூட்டு.

அவள் முறை வந்தது. தாளின்மேல் ஏறி நின்றாள். அவர் இடது காலைச் சுற்றி வரைந்தார், வலது காலைச் சுற்றி வரைந்தார், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு வலது கால் பெருசு," என்றார். "ஒரு சைஸே வித்தியாசம் இருக்கு. பதினாறு வருஷமா எனக்குத் தெரியாதே."

"நீங்க கேட்டதில்லையே."

"ரெண்டு சைஸ்லயும் ஒரு ஜோடி வாங்கி, இதுல ஒண்ணு அதுல ஒண்ணு போட்டுக்க. இரு, வலதுல விரல் பக்கம் சரியா விழல. இன்னொரு தடவை வரையறேன்."

அவர் மறுபடி குனிந்தார். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. ஆலையில் யாரும் அதுவரை கேட்டிராத அளவு தணிந்த குரலில், "அந்த லெட்டரைக் கொடுத்துட்டீங்களா?" என்றாள்.

"எந்த லெட்டர்? அதுவா. அன்னைக்கு நீ சாப்பாட்டு ரூம்ல பேசிட்டிருந்தியே, பாதியிலயே வெளிய போய்க் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"வெள்ளிக்கிழமையேவா? இந்த ஆறு நாளா நான் செத்துச் செத்துப் பிழைச்சிட்டிருக்கேன். சொல்றதுக்கு என்ன?"

"நீ கேட்டதில்லையே," என்றார், தலையைத் தூக்காமலே.

அவளுக்கு வந்த சிரிப்பு சாதாரணச் சிரிப்பு அல்ல. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கண்ணில் தண்ணீராக வழிந்து, வரிசையில் நின்றவர்களை என்ன ஏது என்று எட்டிப் பார்க்க வைத்தது. கால் ஆடியதில் பென்சில் கோடு சுண்டுவிரலைத் தாண்டித் தாளின் ஓரத்துக்கே ஓடிவிட்டது. சீக்கிரம் ஆகட்டும் என்று பின்னாலிருந்து மூடியக்கா சத்தம் போட்டாள். அவர் அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒரு தாளை விரித்து, அவள் சிரித்து முடிக்கட்டும் என்று பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.